சந்துக்குள் ஒரு கறிதோசை: மதுரையில் மறைவான கடை தேடிச் சாப்பிடும் முறை

நியூயார்க்கில் ஒரு பர்கர் கடை உண்டு. 56ஆவது தெருப் பக்கம், பெரிய நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், தரைவரை தொங்கும் திரைக்குப் பின்னால் 2002இல் அதைத் திறந்தார்கள். அடையாளத்துக்கு பர்கர் வடிவத்தில் ஒரு சின்ன நியான் விளக்கு மட்டும். விஷயம் தெரிந்தவர் திரையை ஒட்டி உள்ளே நுழைவார். தெரியாதவர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டைப் பார்த்துப் போய்விடுவார். ஒளித்து வைத்ததே அந்தக் கடைக்கு விளம்பரம்.

மதுரையில் யாரும் கடையை வேண்டுமென்று ஒளித்து வைப்பதில்லை. மெயின் ரோட்டு வாடகை கட்டுப்படியாகாது, அதனால் கடை சந்துக்குள் இருக்கிறது. அதைவிடப் பெரிய மறைவு ஒன்று உண்டு: நேரம். பகல் இரண்டு மணிக்கு நீங்கள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஷட்டர் இறங்கியிருக்கும், முன்னால் நாலு டூவீலர் நிற்கும். இருட்டியதும் அதே இடத்தில் கல் காய்ந்துகொண்டிருக்கும். முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு பகலில் அலைந்தவர்கள்தான் 'அப்படி ஒரு கடையே இல்லை' என்று ஊர் திரும்புகிறார்கள். ஆகவே முதலில் நேரத்தைக் குறியுங்கள். தெருப் பெயர் அப்புறம்.

எதைத் தேடிப் போகிறோம்?

மதுரைச் சந்துக் கடைகளில் தின்ன ஆயிரம் இருந்தாலும், முதல் தடவைக்குக் கறிதோசையையே இலக்காக வையுங்கள். அடியில் கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. பர்கர் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாத ஒரே மதுரைப் பலகாரம் இதுதான். ரொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குப் பன் புரோட்டா இருக்கிறது. வட்டமாக, உப்பி, பேக்கரி பன் உயரத்துக்கு நிற்கும். அது தனி அத்தியாயம்.

கறிதோசை என்றதும் ஊரே கைகாட்டுவது சிம்மக்கல் கோனார் கடையை. இன்று அது மறைவான கடை இல்லை. வெளியூர்க் கார்கள் விசாரித்துக்கொண்டு வருகின்றன. இருந்தாலும் அங்கேயே தொடங்கச் சொல்கிறேன். கறிதோசை எப்படி இருக்க வேண்டும் என்று நாக்கு ஒரு தடவை அங்கே படித்துக்கொண்டால், பெயர்ப்பலகை மங்கிப்போன சின்னக் கடைகளை நீங்களே எடை போடலாம். அந்தச் சின்னக் கடைகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ஆறு பேர் உட்காரும் இடத்துக்கு அறுபது பேரை அனுப்புவது கடைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

கிளம்பும் முன்

1. நாளைப் பாருங்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகள் அடைப்பு. அன்று கறிக்கடைப் பயணம் வேண்டாம்.

2. மாதத்தைப் பாருங்கள். புரட்டாசியில் பாதி ஊர் கறி தொடாது. கூட்டம் குறைவு என்பது வசதிதான். ஆனால் வியாபாரம் குறைந்தால் சில சின்னக் கடைகள் வகைகளையும் குறைத்துவிடும். அமாவாசை, கார்த்திகை, வெள்ளி ஆகிய நாட்களும் அப்படியே.

3. சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் மாசி வீதிகளிலும் வைகைக் கரையிலும் வண்டி நகராது. சிம்மக்கல் ஆற்றை ஒட்டிய இடம். திருவிழா பார்க்க வந்தால் திருவிழா பாருங்கள். கடை தேடலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடியுங்கள், அதுவும் அளவாக. மாலை ஐந்து மணிக்கு வடை, பஜ்ஜி என்று வயிற்றை அடைத்துக்கொண்டு போகிறவருக்குக் கறிதோசை பாதியிலேயே நின்றுவிடும்.

5. ஏழேகாலிலிருந்து ஏழரைக்குள் கடை வாசலில் இருங்கள். அதற்கு முன்னால் கல் சரியாகக் காய்ந்திருக்காது. ஒன்பது மணிக்கு மேல் ஈரல், மூளை, நல்லி என்று கொஞ்சமாகச் செய்கிற வகைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வரும்.

குறிப்பு: பையில் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வையுங்கள். கியூஆர் அட்டை எங்கும் ஒட்டியிருக்கிறது என்பது உண்மைதான். இரண்டு பக்கமும் சுவர் உயர்ந்த சந்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

வழி

பழைய மதுரையின் கணக்கு எளிது. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள்: சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். வெளி வீதிகள் பழைய கோட்டையின் எல்லையை ஒட்டியவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் இன்றும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிற்கிறது. கோட்டைக்குள் நெருக்கிக் கட்டிய ஊர் என்பதால், வீதியிலிருந்து வீதிக்குப் போகும் சந்துகளில் எதிரே ஒரு பைக் வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டும்.

தெருப் பெயரோடு திசையும் சேர்த்தே விசாரியுங்கள். 'மாசி வீதி எங்கே இருக்கு?' என்று கேட்டால் 'எந்த மாசி வீதி?' என்றுதான் பதில் வரும்.

ரயிலடியிலிருந்து சிம்மக்கல்லுக்கு நடந்தே போகலாம். சாவகாசமாக அரை மணி.

1. ரயில் நிலையத்தின் முன்வாசல் வழியே வெளியே வந்தால் நீங்கள் நிற்பது மேல வெளி வீதி. கிழக்கு பார்த்து நிற்பீர்கள். இடது கைப் பக்கம், அதாவது வடக்கே திரும்புங்கள்.

2. சாலை கிழக்கே மடங்கும் மூலைவரை போங்கள். அங்கிருந்து வடக்கு வெளி வீதி.

3. போகிற வழியில் சேதுபதி மேல்நிலைப் பள்ளி வரும். 1904இல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பள்ளி. அதைப் பார்த்துவிட்டால் பாதை சரி என்று அர்த்தம்.

4. அதே சாலையில் நேரே போனால் சிம்மக்கல். யானைக்கல் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள்.

5. சிம்மக்கல்லில் செல்போன் வரைபடத்தை மூடிவிட்டு ஆளைக் கேளுங்கள். டீக்கடையிலோ பழக்கடையிலோ நிற்பவரிடம், 'அண்ணே, சிம்மக்கல் கோனார் கடை எங்கிட்டு?' என்றால் போதும். 'அங்கிட்டுப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, வாசன வரும்' என்கிற மாதிரி ஒரு பதில் வரும். வாசனையும் பெரும்பாலும் வரும்.

'சிம்மக்கல்' என்பதை விடாமல் சொல்லுங்கள். கோனார் என்ற பெயரில் ஊருக்குள் ஒன்றுக்கு மேல் கடைகள் உண்டு. ஆட்டோக்காரர் தனக்குத் தெரிந்த கோனார் கடையில் இறக்கிவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

காரில் வருகிறவர்கள் வண்டியை வெளி வீதிக்கு உள்ளே கொண்டுவர வேண்டாம். ஒருவழிப் பாதைகளில் நாலு சுற்று சுற்றுவதற்குள் பசி கோபமாக மாறிவிடும். தங்குமிடத்தில் காரை விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பதே மேல். ஏறும்முன் கூலியைப் பேசி முடியுங்கள்.

தெரியாத கடை வாசலில் இரண்டு நிமிடம்

கோனார் கடை முடிந்து, அடுத்த நாள் நீங்களாக ஒரு சந்துக் கடையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே போய் உட்காராதீர்கள். வாசலில் நின்று இவற்றைப் பாருங்கள்.

முதலில் கல். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று முத்து முத்தாக ஓட வேண்டும். கல் வாசலிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் நல்லது. அடுத்தது குழம்புச் சட்டி: அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இறக்கி வைத்து ஆறிப்போன குழம்பை ஊற்றுகிற கடை, எவ்வளவு பழைய பெயராக இருந்தாலும் வேண்டாம். மூன்றாவதாக, சாப்பிடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். கடையடைத்துவிட்டு வந்த ஜவுளிக்கடைப் பையன்கள், மூட்டை தூக்குகிறவர்கள், குடும்பத்துக்குப் பார்சல் வாங்க நிற்கிற அப்பா என்று கலந்து இருந்தால் தைரியமாக நுழையலாம். எல்லோரும் தண்ணியடித்துவிட்டுச் சாப்பிட வந்தவர்களாகத் தெரிந்தால் குடும்பத்தோடு போகாதீர்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். சின்னக் கடையில் அது ஊதுபத்திப் புகை ஏறி, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். தேடிப் பார்ப்பதில் தப்பில்லை.

உட்கார்ந்த பிறகு

1. கை கழுவுங்கள். இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

2. கறிதோசையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுதான் இந்த அத்தியாயத்தில் முக்கியமான வரி. கறிதோசைக்குக் கல்லில் நேரம் பிடிக்கும். மற்றதைத் தின்று முடித்துவிட்டுக் கடைசியில் சொன்னால் வயிறு நிறைந்த பிறகுதான் வந்து சேரும்.

3. இரண்டு பேருக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். பார்த்துவிட்டு அடுத்தது.

4. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு தொடுகறி. சுக்கா என்றால் உலர்ந்து வரும், மிளகு தூக்கலாக இருக்கும். காரம் தாங்காதவர்கள் கோலா உருண்டை கேளுங்கள்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

'அண்ணே, கறிதோசை ஒண்ணு.'

'கல்லு பிஸியா இருக்கு தம்பி, செத்த நேரமாகும். அதுக்குள்ள ரெண்டு இட்லி வைக்கவா? குடல் கொழம்பு இருக்கு.'

'இட்லி வேணாம்ணே. சுக்கா ஒண்ணு குடுங்க. என்ன வெல?'

விலை கேட்பதில் வெட்கம் வேண்டாம். தோசை, புரோட்டா விலை சுவரில் இருக்கும். கறி வகைகளின் விலை பல கடைகளில் பரிமாறுகிறவர் வாயில்தான் இருக்கும்.

இடம் கிடைத்தால் கல்லைப் பார்த்த மாதிரி உட்காருங்கள். மாஸ்டர் மாவைச் சாதாரணத் தோசைபோல் இழுத்துத் தேய்க்க மாட்டார். ஊத்தப்பக் கனத்தில் ஊற்றி லேசாக ஒரு சுற்றுச் சுற்றி விட்டுவிடுவார். ஓரம் நிறம் மாறும்போது அடித்த முட்டையை மேலே ஊற்றிக் கரண்டி முதுகால் விளிம்புவரை பரப்புவார். முட்டை ஈரமாக இருக்கும்போதே, ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்து அழுத்துவார். ஈரத்தில் வைத்தால்தான் கறி பிடிக்கும்; முட்டை காய்ந்துவிட்டால் திருப்பும்போது கறி கல்லில் சிதறும். சுற்றி எண்ணெய் விட்டு, அகலமான கரண்டியை அடியில் கொடுத்து, ஒரே திருப்பு. கறிப்பக்கம் கல்லில் பட்டு முறுகும் வாசனை வந்ததும் எடுத்துவிடுவார். திருப்பும்போது கறி சிந்தாமல் எடுப்பவரே மாஸ்டர். மற்றவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.

5. வந்ததும் குழம்பை மேலே கொட்டாதீர்கள். முதல் இரண்டு வாய் வெறுமனே சாப்பிடுங்கள். அப்புறம் பக்கத்தில் குழம்பு விட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். மேலே ஊற்றினால் முறுகல் போய்விடும், பாடுபட்ட மாஸ்டர் முகமும் வாடிவிடும்.

6. ஓரத்திலிருந்து பிய்க்காமல் நடுவிலிருந்து பிய்த்தால் ஒவ்வொரு வாயிலும் மூன்று அடுக்கும் வரும்.

பலரும் செய்கிற தவறுகள்

தட்டு வருகிறபோது தலையாட்டுவது. மதுரை மெஸ்களில் ஒரு பெரிய தட்டில் சின்னக் கிண்ணங்களாகச் சுக்கா, ஈரல், தலைக்கறி, மீன் வறுவல் என்று அடுக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். எடுத்ததெல்லாம் பில்லில் ஏறும். பரிமாறுகிறவர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள்தான் தலையாட்டினீர்கள். வேண்டாம் என்றால், 'போதும்ணே' என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள்.

புரோட்டாவில் தொடங்குவது. மைதா வயிற்றில் இறங்கிவிட்டால் அப்புறம் எதற்கும் இடமில்லை. புரோட்டாவும் சால்னாவும் இன்னொரு ராத்திரிக்கு.

படம் எடுப்பதற்காகக் கல்லுக்கு முன்னால் நிற்பது. எண்ணெய் தெறிக்கும், பார்சல்காரர்கள் திட்டுவார்கள். ஒரு படம், அதுவும் மாஸ்டரைக் கேட்டுவிட்டு.

சாப்பிட்டு முடித்தும் பேசிக்கொண்டே இருப்பது. சின்னக் கடையில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் பசியோடு நிற்கிறார். ஊர்க் கதையை வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

'சென்னையில் இப்படி இல்லையே' என்று சொல்வது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

வயிறும் வழியும்: பாதுகாப்பு

தண்ணீர்: சீல் உடையாத பாட்டில் வாங்குங்கள் அல்லது வெந்நீர் கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். பயணத்தின் முதல் நாளே ஈரல், குடல், மூளை என்று எல்லாவற்றையும் இறக்காதீர்கள். பழகாத வயிறு மறுநாள் பேருந்தில் பழிவாங்கும். சின்னக் குழந்தைகளுக்குக் கறித்துண்டில் எலும்புச் சில்லு இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொத்துக்கறியிலும் சில சமயம் தப்பி வரும். முட்டை ஒவ்வாதவர்கள் 'முட்டை இல்லாமல் கறிதோசை' கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எல்லாத் தோசைக்கும் ஒரே கல், ஒரே கரண்டி என்பதை மறக்கக் கூடாது.

கெட்டுப்போன வாடை வந்தால் சாப்பிடுவதை அப்போதே நிறுத்திவிட்டு அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் மாற்றித் தருவார். சண்டை வேண்டாம். புகார்தான் வழி என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நடுராத்திரியில் வாந்தி, பேதி நிற்காவிட்டால் 108.

ராத்திரி நடக்கிறவர்கள் சந்து வழியாகக் குறுக்கே போகாமல் வெளி வீதியையோ மாசி வீதியையோ பிடித்துத் திரும்புங்கள். தூங்கா நகரம் என்ற பெயர் வீதிகளுக்குப் பொருந்தும்; எல்லாச் சந்துகளுக்கும் பொருந்தாது. தனியாக வரும் பெண்கள், போகும் ஆட்டோவிலேயே திரும்பி வரவும் பேசிக்கொள்வது நல்லது. மாடியில் குடும்பங்களுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில கடைகளில் அங்கே விசிறி, விளக்கு எல்லாம் கீழே உள்ளதைவிட நன்றாக இருக்கும்.

பார்சல்

கறிதோசை பார்சலுக்கு ஏற்றதல்ல. மூடிய பத்தாவது நிமிடத்தில் தொளதொளத்துவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் குழம்பைத் தனியாக வாங்குங்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பழக்கம் முழுக்கப் போகவில்லை. கையோடு ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். தூக்கு கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி சேர்த்தே விழும் என்பது என் நம்பிக்கை, ஆதாரம் கிடையாது. அறைக்குக் கொண்டுபோனதை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். காலைக்கு வைக்க வேண்டாம்.

கூட வருகிறவர் சைவம் என்றால்

கறிக்கடையில் அவரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். மாலையிலேயே மேல சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடைக்குக் கூட்டிப்போய் வெள்ளையப்பம் வாங்கிக் கொடுங்கள். அல்லது மாசி வீதிகளில் கடையடைத்த பிறகு நடைபாதையில் முளைக்கும் இட்லிக் கடைகளைத் தேடுங்கள். இவையும் நேரத்தில் ஒளிந்திருப்பவைதான். துணி போட்டு அவித்த இட்லி சூடாக வரும். சட்னி மூன்று நான்கு வகை. தேங்காய்ச் சட்னியை மட்டும் மோந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். வெயில் காலத்தில் முதலில் புளிப்பது அதுதான்.

கடை பூட்டியிருந்தால்

போய் நிற்கிறீர்கள்; ஷட்டர் இறங்கியிருக்கிறது. வீட்டு விசேஷம், குலதெய்வம் கும்பிடப் போயிருக்கிறார்கள், மாஸ்டர் லீவு, எதுவாகவும் இருக்கலாம். பக்கத்துக் கடையில் 'நாளைக்குத் திறப்பாங்களாண்ணே?' என்று கேட்டு வையுங்கள். பிறகு ஆட்டோ பிடித்து விளக்குத்தூண் போங்கள். அந்தத் தூண் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அதை ஒட்டி, கீழ மாரட் வீதிப் பக்கம் ஜிகர்தண்டாக் கடை இருக்கிறது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். சின்ன டம்ளரே சொல்லுங்கள். அங்கே நிற்கிற நாலு பேரிடம் இந்த நேரத்தில் கறிதோசை எங்கே சூடாகக் கிடைக்கும் என்று கேட்டால் நாலு கடை சொல்வார்கள். எந்தப் பெயரை இரண்டு பேர் சொல்கிறார்களோ அங்கே போங்கள்.

கறிதோசைக்கு மேல் ஜிகர்தண்டா குடிப்பதானால் ஒரு அரை மணி விட்டுக் குடியுங்கள்.